பிரஷ்ல விட மாட்டேன்

வண்டிக்காரம்மா: ஏம்மா, அந்தச் சுத்துற பிரஷ் மெஷினுக்குள்ள விடுன்னா விட்டுட்டுப் போயேன். இதுக்குப் போய் இவ்ளோ பேச்சா?

நுரை: விட மாட்டேன் மேடம்.

வண்டிக்காரம்மா: கார் கழுவுற இடத்துக்கு வந்து கழுவுன்னு சொன்னது தப்பா?

நுரை: கழுவ மாட்டேன்னு நான் சொல்லலையே. பிரஷ்ல விட மாட்டேன்னு சொல்றேன். கையால கழுவித் தரேன், கண்ணாடி மாதிரி இருக்கும்.

வண்டிக்காரம்மா: எனக்குக் கண்ணாடி வேணாம். பிரஷ்தான் வேணும். வெளில போர்டுல பெருசா எழுதி வச்சிருக்கீங்கல்ல, ‘ஏழே நிமிஷம்’னு?

நுரை: ஏழு நிமிஷத்துல பெயிண்ட்ல கோடு விழும்னு எழுத போர்டுல இடம் பத்தல.

வண்டிக்காரம்மா: அடேங்கப்பா... வாய் நல்லா இருக்கு.

நுரை: வந்து பாருங்க மேடம். இப்பதான் ஒரு ஜீப் போச்சு, சக்கரம் முழுக்கச் சேறு. அந்த மண்ணெல்லாம் இன்னும் பிரஷ் நாருக்குள்ள உக்காந்திருக்கு. உங்க வண்டிய உள்ள விட்டா அது கழுவாது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்.

வண்டிக்காரம்மா: தேய்க்கட்டும்.

நுரை: என்னது?

வண்டிக்காரம்மா: இல்ல... பரவாயில்லன்னு சொன்னேன்.

மேனேஜர்: ஏய் நுரை! அங்க என்ன மாநாடு? பின்னாடி நாலு வண்டி நிக்குது!

நுரை: வரேன் சார்.

வண்டிக்காரம்மா: நுரையா? அதா உன் பேரு?

நுரை: காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் சோப்பு நுரைலயே நிக்கிறேன்ல. வச்ச பேர இங்க யாரும் கூப்பிடுறதில்ல.

மேனேஜர்: வாங்க மேடம், என்ன பிரச்சனை?

வண்டிக்காரம்மா: இவங்க பிரஷ்ல விட மாட்டேங்கிறாங்க.

மேனேஜர்: கேக்குறவங்களுக்கு விட வேண்டியதுதானே! உனக்கு என்ன வந்துச்சு?

நுரை: போன வாரம் அந்தக் கறுப்பு வண்டிக்காரர் வந்து கத்தினது மறந்து போச்சா சார்? பானட் முழுக்க வலை பின்னின மாதிரி கோடு. அப்ப எங்க போய் ஒளிஞ்சீங்க?

மேனேஜர்: நான் ஒளியல... சாப்பிடப் போயிருந்தேன்.

நுரை: காலைல பத்து மணிக்கு.

மேனேஜர்: சரி, சரி... மேடம், இந்த வண்டிய நான் எங்கயோ பாத்த மாதிரி...

நுரை: வெள்ளை வண்டி எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும் சார். அங்க டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிறாரு, போய்ப் பாருங்க.

மேனேஜர்: இதோ வரேன். பத்து நிமிஷத்துல முடி. பிரஷ்ல விடு, இல்ல நாக்கால நக்கு. எனக்கு இந்த இடம் காலியாகணும்.

வண்டிக்காரம்மா: உங்க மேனேஜர் இப்படித்தான் பேசுவாரா?

நுரை: இன்னிக்கு நல்ல மூடுல இருக்காரு. மேடம், வண்டியக் கொஞ்சம் முன்னாடி எடுத்து அந்த நிழல்ல போடுறீங்களா? வெயில்ல நின்னா சோப்பு காஞ்சு திட்டு திட்டா ஒட்டிக்கும்.

வண்டிக்காரம்மா: சாவி அதுலயே இருக்கு. நீயே எடுத்துப் போடு.

நுரை: எனக்கு ஓட்டத் தெரியாது.

வண்டிக்காரம்மா: தெரியாதா? எத்தனை வருஷமா இங்க இருக்க?

நுரை: பதினோரு வருஷம்.

வண்டிக்காரம்மா: பதினோரு வருஷமா கார் கழுவுற... ஒரு தடவ கூட...

நுரை: உக்காந்திருக்கேன். சீட்டுத் துடைக்க.

வண்டிக்காரம்மா: யாரும் கத்துக் குடுக்கலையா?

நுரை: மேனேஜர்கிட்ட ஒரு தடவ கேட்டேன். ‘கழுவுறவளுக்கு ஸ்டியரிங் எதுக்கு, பக்கெட்டப் புடிச்சாப் போதும்’னாரு.

வண்டிக்காரம்மா: அத முடிவு பண்ண அவரு யாரு!

நுரை: மேடம், மெதுவா... நிழலுக்கு எடுங்க. அப்படியே... போதும், போதும். ம். என்ன அழகா நிறுத்துறீங்க.

வண்டிக்காரம்மா: சரி, ஆரம்பி. முதல்ல காஞ்ச துணியால நல்லா அழுத்தித் தேய்.

நுரை: தண்ணி ஊத்தாமலா?

வண்டிக்காரம்மா: ஆமா.

நுரை: தூசி அப்படியே இருக்கும்போது தேய்ச்சா பெயிண்ட் போயிடும் மேடம்.

வண்டிக்காரம்மா: அப்ப அந்தத் தண்ணிக் குழாய எடு. கதவுகிட்ட... ரொம்பக் கிட்ட வச்சு அடி.

நுரை: ஒன்றரை அடி தள்ளித்தான் புடிக்கணும். கிட்ட வச்சா உரிஞ்சிடும்.

வண்டிக்காரம்மா: தரைல விழுந்து கிடக்கே அந்தத் துணி, அத எடுத்து...

நுரை: தரைல விழுந்த துணி என் கைக்குத் திரும்ப வராது. மணல் இருக்கும்ல. மேடம், நேராக் கேக்கட்டுமா?

வண்டிக்காரம்மா: கேளு.

நுரை: எல்லாரும் வந்து கோடு விழாமப் பாத்துக்கன்னு என் உயிர எடுப்பாங்க. நீங்க மட்டும் எது எது கூடாதோ அதையே வரிசையாச் சொல்றீங்க. இந்த வண்டி மேல அப்படி என்ன கோவம்?

வண்டிக்காரம்மா: வண்டி மேல இல்ல.

நுரை: பின்ன?

வண்டிக்காரம்மா: இடது பக்கக் கதவு மேல.

நுரை: இந்தக் கதவா... புதுசாப் பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு.

வண்டிக்காரம்மா: மூணு வாரம் ஆச்சு. நேத்து வேற ஒரு கடைல கேட்டேன். ‘புதுப் பெயிண்ட், பிரஷ்ல விட்றாதீங்க, தண்ணி வேகமா அடிக்காதீங்க, காஞ்ச துணி கூடாது’ன்னு ஒரு பட்டியலே படிச்சான். அவன் செய்யாதேன்னு சொன்னது எல்லாத்தையும் செய்யத்தான் இங்க வந்தேன்.

நுரை: எதுக்கு?

வண்டிக்காரம்மா: அந்தப் பெயிண்டுக்குக் கீழ என் ஸ்கூல் இருக்கு.

நுரை: ஸ்கூலா?

வண்டிக்காரம்மா: பொம்பளைங்களுக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுக்குற ஸ்கூல். நான் ஒருத்திதான் டீச்சர். இந்த ஒரு வண்டிதான் வகுப்பு. ஆறு வருஷம் நடத்தினேன். பேரும் நம்பரும் அந்தக் கதவுலதான் எழுதியிருந்துச்சு.

நுரை: யாரு மறைச்சா?

வண்டிக்காரம்மா: எங்க வீட்டுக்காரர்தான். போன மாசம் ஒரு பொண்ணு பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சுட்டா. நேரா சுவத்துல போய்... அவளுக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு மணிக்கட்டு ஒடஞ்சுது.

நுரை: ஐயோ... இப்ப எப்படி இருக்கு?

வண்டிக்காரம்மா: சேந்துடுச்சு. நான் கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்தப்ப வண்டியச் சரி பண்ணிட்டு வரேன்னு எடுத்துட்டுப் போனாரு. திரும்பி வந்தா கதவு வெள்ளை வெளேர்னு இருக்கு. ‘போதும், இனிமே நிம்மதியா வீட்ல இரு’ன்னாரு.

நுரை: கெட்டவரா?

வண்டிக்காரம்மா: கெட்டவரா இருந்தா சண்ட போட்டு ஜெயிச்சிருவேன். அவருக்குப் பயம். ஆஸ்பத்திரில என் பக்கத்துல உக்காந்து அழுதாரு தெரியுமா? ஆனா அவரு பயத்துக்கு என் பேர எதுக்கு மறைக்கணும்? பயம் அவருது. கதவு என்னுது.

நுரை: இன்னிக்கு எதுக்கு இவ்ளோ அவசரம்?

வண்டிக்காரம்மா: நாலு மணிக்கு வண்டிய வாங்க ஆள் வருது. பளபளன்னு கழுவிட்டு வான்னு என்னையே அனுப்புறாரு. என் கையாலயே!

நுரை: விக்க முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?

வண்டிக்காரம்மா: வாயால நூறு தடவ சொல்லியாச்சு. காதுலயே வாங்கல. வாங்க வர்றவர் முன்னாடி அந்த எழுத்தோட போய் நிறுத்துறேன். கண்ணால பாக்கட்டும். ஒருத்தி நாளைக்குக் காலைலயே கிளாஸுக்கு வரேன்னு சொல்லியிருக்கா.

நுரை: யாரு?

வண்டிக்காரம்மா: சுவத்துல மோதினாளே, அவதான். பயந்துக்கிட்டு விட்டுட்டா காலத்துக்கும் தொட மாட்டேன்னு சொன்னா. அவளுக்கு இருக்குற தைரியம் எனக்கு இருக்க வேணாமா?

நுரை: ...சரி. தள்ளி நில்லுங்க மேடம்.

வண்டிக்காரம்மா: பிரஷ்ல விடுறியா?

நுரை: இப்பவும் மாட்டேன். முதல்ல நல்ல தண்ணி ஊத்தி மண்ண எறக்குறேன். அப்புறம் குழாய நாலு விரல் தூரத்துல புடிக்கிறேன். நேரா இல்ல, சாய்ச்சு.

வண்டிக்காரம்மா: ஒன்றரை அடின்னு சொன்ன?

நுரை: அது பெயிண்டக் காப்பாத்துறதுக்கு. இதோ, கைப்பிடிக்குக் கீழ கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கு பாருங்க. இங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்... காத மூடிக்கோங்க, சத்தம் வரும்.

வண்டிக்காரம்மா: வருதா? வருதா?

நுரை: பொறுங்க...

வண்டிக்காரம்மா: ஏய், வருது! தோல் மாதிரி உரியுது!

மேனேஜர்: ஐயையோ! என்னடி பண்ற! கதவே போகுது! நிறுத்து, நிறுத்து!

நுரை: சார், தண்ணி தெறிக்கும், அந்தப் பக்கம் போங்க.

மேனேஜர்: மேடம், மன்னிச்சுக்கோங்க, இவளுக்குப் புத்தி கெட்டுப் போச்சு...

வண்டிக்காரம்மா: நான்தான் அடிக்கச் சொன்னேன்.

மேனேஜர்: வண்டி உங்க பேர்லதான் இருக்கா? நாளைக்கு யாராவது வந்து எங்க கழுத்தப் புடிச்சா?

வண்டிக்காரம்மா: வண்டி என் பேர்ல. கதவு என் பேர்ல. யாராவது வந்தா என்கிட்ட அனுப்புங்க. இன்னும் ஒரு வார்த்தை இவங்கள ‘டி’ போட்டுப் பேசினீங்கன்னா, நான் இங்கேர்ந்து வண்டிய எடுக்கவே மாட்டேன். வாசல அடைச்சு நிறுத்திட்டு உக்காந்திருப்பேன்.

மேனேஜர்: இல்ல மேடம்... நான் சும்மா... சரி, நான் சாப்பிடப் போறேன்.

நுரை: மணி மூணு சார்.

மேனேஜர்: டீ!

வண்டிக்காரம்மா: போகட்டும் விடு. நீ அடி... அங்க பாரு, ‘நீ’ வந்துடுச்சு!

நுரை: ம். அடுத்தது... ‘யே’.

வண்டிக்காரம்மா: ‘நீயே ஓட்டு’! என் ஸ்கூல்! ஐயோ... எழுத்தோட சிவப்பு கொஞ்சம் கூட மங்கவே இல்லம்மா!

நுரை: நம்பரும் வந்துடுச்சு. இந்த ஓரத்துல மட்டும் இன்னும் ஒரு தடவ... முடிஞ்சுது. இனிமே மெத்துன்னு இருக்குற துணியால ஒத்தணும், தேய்க்கக் கூடாது. ரெண்டு பக்கெட் வச்சிருக்கேன், ஒண்ணு சோப்புக்கு, ஒண்ணு துணி அலச.

வண்டிக்காரம்மா: எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

நுரை: ரெண்டும் வரட்டும். மேனேஜர்தான் டீக்குப் போயாச்சே.

வண்டிக்காரம்மா: ஆமா, இதென்ன கூத்து... மேல அடிச்சது மொத்தமா வந்துடுச்சு, கீழ ஒரு எழுத்து கூடச் சேதம் இல்ல. எந்தக் கத்துக்குட்டி அடிச்ச பெயிண்டோ! வேல தெரியாத அந்தப் பயல மட்டும் பாத்தா கையெடுத்துக் கும்பிடுவேன்.

நுரை: பயல் இல்லக்கா. கத்துக்குட்டியும் இல்ல. பின்னாடி ஷெட்ல பெயிண்ட் அடிக்கிறதும் நான்தான். உங்க வீட்டுக்காரர் இங்கதான் கொண்டு வந்தாரு, எழுத்தச் சுரண்டி எடுத்துட்டு அடிக்கச் சொன்னாரு. எனக்கு மனசு வரல. எழுத்து மேல கெட்டியா மெழுகு தடவி, அதுக்கு மேல அடிச்சேன். மெழுகு மேல பெயிண்ட் நிக்காது. பிரஷ்ல விட்டிருந்தா மேல இருக்குறதோட கீழ இருக்குற எழுத்தும் தேஞ்சு போயிருக்கும், அதான் அவ்ளோ பிடிவாதம் புடிச்சேன். நீங்க வாய் தொறந்து வேணும்னு சொல்ற வரைக்கும் நானா உரிக்கக் கூடாதுன்னு இருந்தேன். மெழுகு தடவுறதுக்கு முன்னாடி அந்த நம்பரக் கைல எழுதிக்கிட்டேன்க்கா. ரெண்டு தடவ போன் பண்ணேன், உங்க வீட்டுக்காரர் எடுத்து ‘ஸ்கூல மூடியாச்சு’ன்னாரு. நான் நம்பல. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு அடுத்து எனக்கு எத்தனை மணிக்குக் கிளாஸ்?