மூவாயிரத்துக்கு இறங்கிய மலை

மலைக்குச் சதுர அடி நாலாயிரம் என்று மனை விற்கிற கம்பெனிக்காரர்கள் போர்டு வைத்தார்கள், சார். நான் பேரம் பேசியே வளர்ந்த வீட்டுப் பிள்ளை. மூவாயிரத்துக்கு முடியுமா என்றுதான் முதலில் வாயில் வந்தது. பிறகுதான் அது எங்கள் மலை என்பது உறைத்தது.

எங்கள் மலை என்றால் பத்திரத்தில் அல்ல. அடிவாரத்தில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை என்னுடையது. நானும் தங்கை கணவனும் மண்வெட்டி பிடித்து அந்தச் சரிவில் சைக்கிள் தடம் வெட்டினோம். எங்களுக்குள் ஒரே ஒரு வழக்கம்தான். முதலில் வருகிறவர் தடம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு உச்சிக் கம்பத்தில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். துணி இருந்தால் பிரேக் தொடாமல் இறங்கலாம்.

அந்தச் சனிக்கிழமை கம்பெனிக்காரர்கள் சாக்கடைக்காகத் தடத்தின் குறுக்கே ஆள் உயரப் பள்ளம் தோண்டினார்கள். வளைவைத் தாண்டினால்தான் கண்ணில் படும். ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. கம்பெனி மேஸ்திரி செய்தது தப்புதான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை நான் நடந்து போய்ப் பள்ளத்தைப் பார்த்தேன். திரும்பி ஏறி வந்து துணியைக் கட்டினேன்.

எங்கள் அப்பா சொல்வார்: பழுதில்லாத சரக்கை எவனும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். சாவு விழுந்த மனையில் யார் வீடு கட்டுவார்? யாரோ ஒருவன் விழுந்தால் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். தராசில் வைக்கிற கல் கனமாக இருக்க வேண்டும். ஊரே விரும்புகிறவன் என் மாப்பிள்ளை. ஞாயிறுதோறும் முதலில் இறங்குகிறவனும் அவன்தான்.

மூச்சிரைக்க வந்தான். "நீங்களா துணி கட்டினது? கண்ணாடி போட்டுப் பாத்தீங்களா மச்சான்?"

"பாத்தாச்சு மாப்ளே. சுத்தமா இருக்கு."

"அப்ப பிரேக்கத் தொடமாட்டேன். விழுந்தா உங்க தங்கச்சிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்லிக்கறேன், போ."

வளைவு வந்தால் சீட்டியடிப்பான். அன்றும் அடித்தான். பாதியில் நின்றது. நான் துணியை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

மேஸ்திரியை உள்ளே வைத்தீர்கள். மலையைச் சுற்றி வேலி போட்டார்கள். நான் நினைத்தபடியே விலையும் இறங்கியது, சார், மூவாயிரத்துக்கு. இறங்கியதும் மனையெல்லாம் ஒரே மாதத்தில் விற்றுத் தீர்ந்தது. விலையைக் குறைக்கத்தான் எங்கள் வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள். வியாபாரத்தை நிறுத்த யாரும் சொல்லித் தரவில்லை.

நேற்று தங்கை கடைக்கு வந்தாள். உட்காரவில்லை. "துணி இல்லாம அவர் இறங்கவே மாட்டாரேண்ணா" என்றாள். சொல்லிக்கொள்கிறேன் என்று அவனிடம் ஒத்துக்கொண்ட பதில் என் வாயில் வரவில்லை. களைப்பாக இருந்தது. இன்று உங்களிடம் வந்துவிட்டேன்.

கணக்கை நீங்களே கூட்டிப் பாருங்கள். தடம் போனது. மாப்பிள்ளை போனான். தங்கையும் இனி வர மாட்டாள். என் கையிலிருந்து போனதுதான் அத்தனையும். பள்ளம் அவர்களுடையது, என்னுடையது ஒரு முழம் துணி. எப்படிக் கூட்டினாலும் கம்பெனிதான் எனக்குப் பாக்கி தர வேண்டும்.