விதைக்காத தட்டு

ஞாயிறு விடியற்காலை நாலேமுக்கால். தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை... ஒரே ஒரு ஸ்கூட்டர். ஓட்டிப்போனவர் என் நண்பனின் மைத்துனர். அவர் சொல்லி நண்பன் கேட்டது. நண்பன் சொல்லி நான் கேட்டது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

குறைமாதக் குழந்தைகளின் வயிற்றுக்கு நன்மை செய்யும் கிருமிகளைச் சொட்டுமருந்தாக்கும் நிறுவனம். அதில் எத்தனை கிருமி உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவது மைத்துனரின் வேலை. தட்டில் ஜெல்லி ஊற்றுவார்கள். மற்ற கிருமிகளை அடக்கும் மருந்து ஒன்று அதில் கலந்திருக்கும். மேலே சொட்டுமருந்தைப் பரப்பினால் மூன்று நாளில் நல்ல கிருமி மட்டும் புள்ளி புள்ளியாக முளைக்கும். காற்று பட்டால் அது செத்துவிடும். அதனால் எல்லாம் மூடிய பெட்டிக்குள். பெட்டியோடு பொருத்திய ரப்பர் கையுறைக்குள் கைவிட்டுத்தான் தொட முடியும்.

வியாழன் காலை ஐந்து மணிக்குத் தட்டுகளை வைத்துப் பூட்டியவர் அவர்தான். ஆனால் ஜெல்லியில் அந்த மருந்தைக் கலந்தோமா?... ஞாபகமே இல்லை. படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் முன்கூட்டியே டிக் போட்டுவிடும் பழக்கம். கலக்காவிட்டால் கண்ட கிருமியும் முளைத்திருக்கும், எண்ணிக்கையே பொய்.

அந்தச் சொட்டுமருந்து எட்டு மணிக்குப் போய்ச் சேரவேண்டியது அவர் தங்கையின் குழந்தைக்கு. அதாவது, என் நண்பனின் மகளுக்கு.

மேலாளர் போன் செய்தார். "என்னய்யா, எண்ணியாச்சா? வண்டி வாசல்ல நிக்குது."

"இப்பதான் சார் உள்ள வந்தேன்."

"ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிகுவா? சட்டுனு போடுய்யா."

அறையில் ஈஸ்ட் வாடை. வாயுக்குழாயில் 'ஸ்ஸ்...' வலது கையுறைக்குள் கையை விட்டார். எப்போதும் சில்லென்றிருக்கும் ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது.

பெட்டிக்குள்ளிருந்து ஏதோ அவர் சுட்டுவிரலைப் பிடித்தது.

கண்ணாடி வழியே பார்க்கிறார்... தட்டுகளைத் தவிர ஒன்றுமில்லை. பிடி விடவில்லை. சின்னப் பிடி. விரலை இழுத்தது. டக்... ஒரு தட்டில் இடித்தது.

விதைக்காத தட்டு அது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதையும் பரப்பாமல் வைப்பது. வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். அதில் மஞ்சள் புள்ளிகள்... ஐந்து விரல், ஒரு உள்ளங்கை. மொத்தமே தீப்பெட்டி அளவுகூட இல்லை. தோலில் வாழும் கிருமி. அடக்கும் மருந்து கலந்திருந்தால் முளைத்தே இருக்காது.

அப்போதுதான் பிடி விட்டது.

"கையெழுத்து போட மாட்டேன் சார். ஜெல்லியில அடக்குற மருந்து கலக்கலை. தப்பு என்னோடது."

"யோவ், வேலை போயிடும்யா!"

"போகட்டும் சார்."

அடுத்த போன் என் நண்பனுக்கு. "மாப்ள, பாப்பாவுக்கு இன்னிக்கு அந்தச் சொட்டு வேணாம். யார் குடுத்தாலும் விடாதீங்க."

மறுபடி சோதித்தார்கள். அந்தச் சொட்டுமருந்தில் பாதிக்குமேல் வேண்டாத கிருமி.

"பாப்பா கைதானேடா அது?" என்று நானும் நண்பனைக் கேட்டேன்.

"புள்ளி அவ்வளவு வளர மூணு நாள் ஆகும்டா," என்றான். "கை பட்டது வியாழக்கிழமை. பாப்பா பொறந்தது சனிக்கிழமை மத்தியானம்."