கெட்டித் தண்ணீர்

எனக்கு நீச்சல் தெரியாது. கடலையே கணக்குப் போட்டுக் கட்டி வைத்திருக்கிற மனிதருக்குக் குளத்தில் கால் வைக்கப் பயம் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி என் மனைவி சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவள் சொன்னால் எதுவும் குத்தாது.

நீங்கள் கேட்டது அந்த வளைகுடாவைப் பற்றி. சொல்கிறேன். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

காற்றையும் கடலையும் கணினிக்குள் மாடலாக ஓடவிடுவது என் வேலை. கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறது என்று கணக்கிடுவோம். பிறகு காலத்தில் ஓர் எட்டு முன்னே வைத்து மறுபடி கணக்கிடுவோம். சில இடங்களில் எண்கள் தறிகெட்டு ஏறி, ஓட்டம் பாதியில் நின்றுவிடும். வெடித்துவிட்டது என்போம். வெடிக்காமலிருக்க அந்த இடத்துத் தண்ணீரை மட்டும் கொஞ்சம் கெட்டியாக்குவது உண்டு. சர்க்கரைப் பாகு போல. பாகில் அலை எழும்பாது.

இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவர் யாருமில்லை. நான் சற்றுத் தாராளமாகச் செய்தேன், அவ்வளவுதான். அந்த வளைகுடா உள்ளே போகப் போகக் குறுகும். பெரிய புயல் எது வந்தாலும் என் மாடல் அங்கேதான் வெடித்தது. அங்கே பாகு ஊற்றினேன். அதன் பிறகு ஒருநாளும் நின்றதில்லை. வானிலை அலுவலகமே அதை எடுத்துக்கொண்டது. என் தலை நரைத்தது அந்த மாடலுக்காகத்தான்.

எங்கள் அறையில் இன்னொரு ஆய்வாளர் இருந்தாள். எதையும் விடாமல் நோண்டுவதால் எறும்பு என்று கூப்பிடுவோம். புயல் கரையை நெருங்கிய அன்று காலை என் மேஜையருகே வந்து நின்றாள்.

"சார், வளைகுடாவுல நீங்க போட்ட கெட்டியை எடுத்துட்டு, கால எட்டைச் சின்னதா வெச்சு ஓட்டிப் பார்த்தேன். வெடிக்கல."

"நல்லதுதானே."

"தண்ணி ஏறுது சார். மாடி வரைக்கும். முன்னாடி அங்க வெடிச்சதெல்லாம் கோளாறே இல்ல. நெஜமாவே அங்க அவ்வளவு ஏறும்னுதான் சொல்லிட்டு இருந்திருக்கு."

படத்தைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. முழங்காலளவு தண்ணீர் வரும் என்று முந்தின நாளே அறிவித்தாகிவிட்டது. ஆனாலும் புயல் கரையேற மாலை வரை நேரம் இருந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாற்றி அறிவித்தால் ஏன் என்று கேட்பார்கள். பாகு விஷயம் சந்திக்கு வரும். அப்புறம் என் மாடல் சொல்வதை எவன் நம்புவான்? இனி வரப்போகிற புயல்களுக்கெல்லாம் ஜனங்கள் அதை நம்பித்தானே இருக்க வேண்டும்? ஒரு புயலுக்காக எல்லாப் புயலையும் கைவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

"நான் ஒரு தடவை பார்த்துட்டு மேல அனுப்பறேன். நீ போய்ச் சாப்பிடு" என்றேன். திரும்பி வந்து கேட்டாள். அனுப்பிவிட்டேன் என்றேன். பாவம், நம்பிவிட்டாள்.

மதியம் மனைவி கூப்பிட்டாள். இடுப்பில் அறுவைசிகிச்சை செய்துகொண்ட அவளுடைய அக்காவைப் பார்த்துக்கொள்ள வளைகுடாக் கரைக்குத்தான் போயிருந்தாள்.

"என்னங்க, தெருவே என்னைச் சுத்தி நிக்குது. எதுக்கும் இருக்கட்டும்னு பஸ் அனுப்பியிருக்காங்க. ஏறணுமா வேண்டாமான்னு உங்களைக் கேக்கச் சொல்றாங்க."

"முழங்காலளவுதான். அறிவிச்சதுதான்."

"அக்காவை அசைக்கவே முடியல, அதான் கேக்கறேன். கட்டில் மேலயே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

"குளத்துல இறங்கவே பயப்படற ஆளு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள். பின்னால் யாரோ, "அவங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாராம்" என்று தெருவுக்குக் குரல் கொடுத்தது கேட்டது. பேருந்து காலியாகத் திரும்பிப் போனதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

போனை வைத்துவிட்டு அழுதேன். மாலையில் எறும்பு சொன்ன அளவுக்கே தண்ணீர் ஏறியது. இப்போது வீட்டுக்குப் போனால் என்னைக் கேலி செய்ய ஆளில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அவளை மட்டுமாவது வரச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அக்காவையும் தூக்கிக்கொண்டு அடித்துப் பிடித்து ஓடி வந்திருப்பாள். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தத் தெருவில் எத்தனையோ பேருடைய மனைவிகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லாததை என் மனைவிக்கு மட்டும் எப்படிச் சொல்வது? ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் என்று நான் வாழ்ந்ததில்லை. தெரிந்தே சாகவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஓரவஞ்சனை செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.