கொழுந்தை விட்ட கை

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள். தேயிலை பறிக்கும் பெண் ஒருத்தியைத் தான் வரைந்த ஓவியத்தை அவள் செல்போனில் காட்டினாள். அதைப் பார்த்துத் தாய் சொன்னார்:

"இந்தப் பொம்பளைய எங்க எஸ்டேட் மேஸ்திரி அன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

"ஏம்மா? இதுக்குத்தான் முதல் பரிசு குடுத்தாங்க."

"கொழுந்தை உட்டுப்போட்டு முத்துன எலையைப் பறிக்கறா பாரு. பரிசு குடுத்தவங்க டீ குடிக்கறதே இல்லையா?"

"அங்க யாருக்கும்மா அதெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியுதே. யாரு கண்ணு இவ?"

"நல்லாப் பாரும்மா. நீதான்."

தாய் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பஸ் கேத்தியைத் தாண்டும்போதுதான் திருப்பிக் கொடுத்தார்.

"மூஞ்சி அப்படியே இருக்கட்டும்," என்றார். "கையை மட்டும் மாத்திப் போட்டுரு."