வலப்பக்கத்துப் பொல்லு

"ஹலோ... ஓம், ஓம், உதயன்தான்... ஓடி ஒளிக்க நான் என்ன கள்ளனா? கடைக்குள்ளதான் இருக்கன்... மூணு தரம் அடிச்ச நீ, தெரியும்டா... கையில ஈயம் உருகிக் கிடந்த, போன எப்பிடி எடுக்கிற?"

ஈயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாவற்குடாவில் ரேடியோவும் அம்பிளிபயரும் திருத்துகிற உதயரூபன், காத்தான்குடி ஜிப்ரியின் அழைப்பைக் காலையிலிருந்து வேண்டுமென்றே அடித்து ஓயவிட்டிருந்தான். மேசையில் ஜிப்ரியின் ஹெட்போன் கிடந்தது. மச்சினன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த மூன்று லட்சத்துச் சாமான். வலப்பக்கம் மங்கிப் போய்விட்டது, திருத்தித் தா, இல்லாவிட்டால் ஒன்றரை லட்சத்துக்கு நீயே எடு என்று முந்தநாள் போட்டுவிட்டுப் போயிருந்தான். இரண்டு நாளாக உதயரூபன் அதைக் கழற்றிப் பூட்டிப் பார்த்துவிட்டான். ஹெட்போனில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் குறை எங்கே என்று தெரிந்த பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கலியாண வீட்டுப் பாட்டையும், பொல்லு என்கிற கம்புகளைத் தட்டி ஆடும் பொல்லடியையும் பதிந்து கொடுத்துப் பிழைக்கிற மனிதனிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"சொல்லுறன், சொல்லுறன், அவசரப்படாத... அதுக்கு முதல் ஒண்டு கேக்கணும். இதுக்கு ஆருடா பை தைச்ச?... ஓம், பை! ரெண்டு பக்கமும் பூப்போட்ட துணியில, லாஸ்ரிக் எல்லாம் வச்சு... உன்ர பொண்டாட்டி றஸீனாவா?... ஆ... ஆ... 'ஓபன் பேக்' எண்டு நீ சொன்னதாமோ... பேக் திறந்து கிடந்தாத் தூசு போகுமெண்டு... அல்லோவ், இரு, இரு, சிரிச்சு முடிக்க விடு..."

உதயரூபன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். இரண்டு நாளில் வந்த முதல் சிரிப்பு.

"இல்லடா, தங்கச்சியில பிழையில்ல. நீதான் ஒழுங்காச் சொல்லல்ல... முதுகு எண்டா? முதுகு திறந்த சாமான் எண்டு சொல்லியிருந்தா இன்னும் மோசம், சட்டை தைச்சிருப்பா... டேய், அது வலை வச்சுத் திறந்து விட்டிருக்கிறதே சத்தம் புறத்தாலயும் போகட்டும் எண்டுதான். அப்பதான் பாட்டு மண்டைக்குள்ள அடைபட்டுக் கிடக்காம வெளியில விரிஞ்சு நிக்கும். அதுக்குப் போய்ப் போர்வை போத்தி... என்ன?... பையாலதான் மங்கினதோ எண்டா?..."

அந்தக் கேள்வி அவனுக்கும் வந்ததுதான். வந்தவுடன் கத்தரிக்கோலை எடுத்து, றஸீனாவின் பொறுமையான தையலைப் பொறுமையில்லாமல் பிரித்துப்போட்டான். கடவுளே பையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டும் பார்த்தான்.

"இல்ல மச்சான்... பை ரெண்டு பக்கமும்தானே இருந்த... ஓம்... சத்தமா? சத்தத்தக் கேக்காத. மூணு லட்சம் எண்டு நீ சொல்லக்குள்ள உனக்குப் பைத்தியம் எண்டுதான் நினைச்சன். இப்ப சொல்லுறன், பெறுமதி இருக்கு. பாடுறவன் மூச்சு இழுக்கிறது கேக்குது. பின்னால ஆரோ கதிரைய இழுக்கிறான், அதுவும் கேக்குது... பேஸ் கொஞ்சம் காணாதுதான்... ஓம், நம்மட ஆக்களுக்கு நெஞ்சில இடிச்சாத்தானே பாட்டு. ஆனா ஒரு கரைச்சல். நான் போட்டுக்கொண்டு கேக்கிறன், மேனுகா குசினிக்குள்ள இருந்து கூடவே பாடுறா... ஓம்டா, அவ்வளவும் வெளியால வருது! இதப் போட்டுக்கொண்டு பொண்டாட்டிக்கு ஒளிச்சு ஒண்டும் கேக்கேலாது..."

அந்தப் பக்கம் சிரிப்புத் தணிந்ததும் பழைய கேள்வி திரும்பி வந்தது. இனி ஓட இடமில்லை.

"வலப்பக்கமா... ஜிப்ரி, சொல்லுறதக் கேள். வயர மாத்திப் பூட்டிப் பாத்தன். மீற்றர் பிடிச்சுப் பாத்தன். ரெண்டு பக்கமும் ஒரே அளவு... இல்ல, என்ர காதுக்கு மட்டுமில்ல, மேனுகாட தலையிலயும் வச்சுப் பாத்தன்... என்ன? விலையக் குறைக்கிறதுக்குச் சொல்றனோ? டேய், சாமான் நல்லா இருக்கு எண்டு சொன்னா விலை ஏறுமா இறங்குமா?... ஆ, அத யோசி..."

"கேள், மறிக்காத. உன்ர ரெண்டு பொல்லடியும் போட்டுக் கேட்டன். அஞ்சு வருசத்துக்கு முதல் பதிஞ்சதும், போன மாசம் பதிஞ்சதும்... பழசில ரெண்டு பக்கப் பொல்லும் ஒரே மாதிரி விழுது, அவ்வளவு வடிவு. புதிசில வலப்பக்கத்துப் பொல்லு என்ர காதுக்குள்ள வந்து அடிக்குதடா... ஓம்... இல்ல, அடிச்ச பொடியன்ர பிழையில்ல. வலப்பக்கத்தக் கூட்டி வச்சது ஆரு?... ஓம். நீதான்."

கடைக்கு முன்னால் ஒரு ஆட்டோ போய் மறைந்தது. அந்தச் சத்தம் அடங்கும் வரை பொறுத்துவிட்டு உதயரூபன் கேட்டான்.

"மச்சான்... இப்ப எந்தக் காதில போன வச்சிருக்காய்?... இடது காதில. எப்பயும் இடதா?... எப்ப இருந்து?... தெரியாது. சரி, சரி. மாத்தி வலது காதில வை... வை எண்டு சொல்றன்... விளையாட்டில்ல. வச்சிற்றியா?"

ஜிப்ரியிடம் அடிமாட்டு விலை கேட்பது லேசான காரியமில்லை. பழைய மைக் ஒன்றுக்கு ஐநூறு ரூபாய் குறைத்துக் கேட்டவனோடு ஒரு வருசம் முகம் கொடுத்துக் கதைக்காதவன் அவன். உதயரூபன் குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.

"உன்ர ஹெட்போனுக்குப் பத்தாயிரம் தாறன். அதுக்கு மேல ஒரு சதம் பெறாது."

அந்தப் பக்கத்திலிருந்து ஹலோ, ஹலோ என்றுதான் வந்தது.

"லைன் இருக்குடா... இருக்கு, வெட்டுப்படல்ல... நான் கதைச்சனான்..."

ஒரு ஏச்சு, ஒரேயொரு ஏச்சு வந்திருந்தால் போதும், அவன் நினைத்ததெல்லாம் பிழை என்று ஆகியிருக்கும். வரவில்லை.

"திருப்பி இடப்பக்கம் வை... இப்ப கேக்குதா?... ஒண்டுமில்ல, பத்தாயிரம் தாறன் எண்டு சொன்னன்... ஹெட்போனுக்கு... ஓம், பத்தாயிரம் எண்டுதான் சொன்னன்... அப்பயும் இதே சத்தத்திலதான் சொன்னன்..."

"ஏசுடா... ஏன் ஏசாம இருக்காய்?"

ஏசாமல் இருந்ததிலேயே, ஜிப்ரிக்கு விளங்கிவிட்டது என்று உதயரூபனுக்கு விளங்கியது. வாயில் வந்ததையெல்லாம் அவசரமாகச் சொல்லத் தொடங்கினான்.

"இஞ்ச பார், காதுக் குறும்பி அடைச்சும் இருக்கலாம்... இருபது வருசமா ஸ்பீக்கர் பொக்ஸுக்குப் பக்கத்தில நிண்டாக் காது என்ன செய்யும் பாவம்... எதெண்டு டொக்டர் சொல்லட்டும், நீயும் நானும் என்ன கண்ட? நாளைக்கு வெள்ளன மோட்டச்சைக்கிள்ல வாறன், காது டொக்டரட்டப் போவம்... வரமாட்டியா? அப்ப ஹெட்போனும் வராது. இஞ்சயே கிடக்கும், மேனுகா கேக்கட்டும்... நான் வாங்கவா? ஒரு சதத்துக்கும் வாங்கமாட்டன். அது உன்ர சாமான்... ஓம்... வெள்ளிக்கிழமைப் பதிவா? அத ஏன் நிப்பாட்டுற? நான் வாறன். உன்ர வலப்பக்கம் குந்தியிருந்து கேட்டுச் சொல்லுறன், நீ கூட்டிக் குறை. ரெண்டு பேருக்கும் சேத்து மூணு காது இருக்கடா. மத்தவனுக்கெல்லாம் ரெண்டுதானே..."

"... சிரிக்கிறியா அழுறியா? ரெண்டும் ஒரே மாதிரித்தான் கேக்குது... சரி... சரி..."

"என்ன?... திருப்பியும் வலது காதிலயா வச்சிருக்காய்? எதுக்கு?... விலையவா?... உரத்தா?"

உதயரூபன் எழுந்து கடை வாசலுக்கு வந்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"பத்தாயிரம்! உன்ர ஹெட்போனுக்குப் பத்தாயிரம்!"

எதிர்க்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆ... ஆ... ஓம்... ஓம் மச்சான்... என்ர கடையயும் ஏசுறியா?... என்ர மீற்றரையுமா?... சொல்லு, சொல்லு, இன்னும் சொல்லு... டேய், கேட்டிருக்கு! உனக்குக் கேட்டிருக்கடா!... ஓம், நான் கள்ளன்தான், பகல் கொள்ளைக்காரன்தான்... ஓம்... நாளைக்கு எட்டு மணிக்கு வாறன், அந்தக் காதோட ரெடியா நில்லு... ஹலோ?... ஹலோ?"

சொல்ல வேண்டியது ஒன்றும் மிச்சமில்லாமல் சொல்லிவிட்டுத்தான் ஜிப்ரி லைனை வெட்டியிருந்தான். உதயரூபன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, பிரித்துப்போட்ட பூத்துணியை மேசைக்கடியில் தேடினான். நாளைக்கு அதையும் தைத்துக் கொண்டுபோகாவிட்டால், றஸீனாவின் ஏச்சு வேறு வாங்க வேண்டும்.