மூணுக்கு சைபர்

— நீ போயி வெளாடிட்டு வா, லில்லி. நான் பெட்டிய பாத்துக்கினு இங்கியே குந்திக்கினு இருக்கேன். ஆறு மணிக்கு பஸ்ஸு.

— இன்னும் ஆரம்பிக்கவே இல்லபா. அதுக்குள்ள பஸ்ஸப் பத்தி பேசாத.

— பேசாம இன்னா பண்றது? அத வுட்டா வில்லியனூர்லேர்ந்து பாகூருக்கு நேரா பஸ்ஸு கெடையாது. ரெண்டு பெட்டி, பக்கெட்டு, பாயி. டீமு வூட்ட காலி பண்ணச் சொன்னவங்க ஒரு வண்டி வெச்சிக் குடுக்கலாமில்ல?

— மெஸ்ஸையே மூடிட்டாங்க. வண்டி எங்க குடுக்கறது.

— கெடக்கு வுடு. இதுதானா கிரவுண்டு? ஆடு மேயிது.

— மொத மேட்ச் அன்னிக்கி வந்திருந்தா பாத்திருப்ப. மூலக்குளத்துலேர்ந்து இங்க வரைக்கும் பேனரு. எங்க மூஞ்சியெல்லாம் போட்டு. ஒரு நடிகை வந்து பந்த உதைச்சாங்க, செருப்பு கழண்டு பறந்துச்சி. பொம்பளைங்களுக்கு சம்பளம் குடுத்து ஃபுட்பால் லீக் நடத்தறது இந்தப் பக்கத்துல இதான் மொத தடவன்னு மைக்ல சொல்லிக்கினே இருந்தாங்க.

— பேனர்ல உம் மூஞ்சி கூடவா?

— ஓரத்துல.

— வர்ற வழியில ஒரு மாட்டுக் கொட்டாய் மேல பேனரு போத்தியிருந்தாங்க. எல்லாம் பொண்ணுங்க மூஞ்சி. நான் இது இல்லன்னு நெனச்சேன்.

— அதான்பா. அதேதான்.

— எத்தினி மேட்சு தோத்தீங்க?

— எல்லாந்தான். ஒண்ணு மட்டும் சமமா போயிருக்கும். கடைசி நிமிசத்துல கோல் வுட்டுட்டா.

— யாரு வுட்டது? நீதான கோல்ல நிக்கறவ?

— நான் இல்லபா. மணிப்பூர் பொண்ணு ஒண்ணு. அதுதான் மெயினு. அதுக்கு ஒண்ணுன்னா புவனேஸ்வரி. நான் மூணாவது.

— மூணாவதுன்னா?

— பெஞ்சுல குந்தறது.

— எல்லா மேட்ச்சுமா?

— எல்லா மேட்ச்சும்.

— போன்ல ஒங்கம்மாகிட்ட நல்லா ஆடுனேன் நல்லா ஆடுனேன்னியே.

— பிராக்டீஸ்ல நல்லாத்தான் ஆடுனேன். அம்மா எதுலன்னு கேக்கல.

— நானு காலேஜி கேட்டுல நின்னுக்கினு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். கூட வாச்மேனா நிக்கற சிங்காரவேலு டெய்லி கேக்கறான், ஒம் பொண்ணு ஆடறது எப்ப செல்லுல வரும்னு. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லியே இத்தினி நாளு ஓட்டிட்டேன்.

— சொல்லாம இருந்திருக்கலாமில்ல.

— கெடக்கு. அந்த பி.டி. டீச்சர் வேலைய வுட்டுட்டு வந்தியே, அதான் மனசு கேக்கல. காண்ட்ராக்ட்டுதான்னாலும் நாலு புள்ளைங்க டீச்சர்னு கூப்டுச்சிங்க. பெஞ்சுல குந்தறதுக்கா அத வுட்டே?

— குந்தணும்னு தெரிஞ்சா வுட்டேன்?

— திரும்பப் போயி கேட்டுப் பாரேன்.

— கேட்டேன். வேற ஆளு வெச்சிட்டாங்க. கிருமாம்பாக்கம் பக்கத்துல ஒரு மாத்திரை கம்பெனியில பேக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்களாம். திங்கக்கெழம போறேன்.

— அப்ப அடுத்த வருசம் லீக்கு வந்தா?

— அடுத்த வருசம்னு ஒண்ணு இல்லபா. எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயால சொல்லல, அவ்ளோதான்.

— பின்ன இன்னிக்கி எதுக்கு வெளாடறீங்க?

— இது கடைசி மேட்சுபா. மணிப்பூர் பொண்ணு ஊருக்குப் போயிட்டா. புவனேஸ்வரிக்கு காச்சல். இன்னிக்கி கோல்ல நான்தான்.

— நீயா?

— நான்தான்.

— இத மொதல்லயே சொல்லக்கூடாதா? ஒங்கம்மாவயும் இட்டுக்கினு வந்திருப்பேன்.

— தோக்கறதப் பாக்க அம்மா எதுக்கு? திருச்சிக்காரங்க அஞ்சு ஆறுன்னு போடுவாங்க.

— போடட்டும். நீ நிக்கறத பாக்கலாமில்ல. அது இன்னா கையில?

— கிளவுஸு. நான் மட்டுந்தான் பந்த கையால தொடலாம்.

— அத்தினி பேர்ல நீ மட்டுமா?

— ஆமா. பந்து உள்ள போனா திட்டு வாங்கறதும் நான் மட்டுந்தான்.

— கேட்ல நிக்கறவனுக்கு எல்லா எடத்துலயும் அதான். ஆயிரம் வண்டிய ஒழுங்கா வுட்டா யாரும் பேச மாட்டான். பயமா கீதா?

— கீது. ஒரு பந்துபா. ஒரே ஒரு பந்து வந்து இந்தக் கையில ஒக்காந்தா போதும். அப்புறம் அஞ்சு போனா இன்னா, பத்து போனா இன்னா. நானும் ஆடுனேன்னு எனக்குத் தெரியும்.

— புடிப்ப. சின்னதுல மாங்கா புடிப்பியே, நான் மரத்து மேலேர்ந்து போடுவேன். எப்பத்தான் ஆரம்பிப்பீங்க?

— ஆம்புலன்ஸ் வரல போல. அது வராம ஆரம்பிக்க மாட்டாங்க.

— ஆம்புலன்ஸு அதோ மரத்தடியில நிக்குதே.

— ஆமால்ல. ரெஃபரி வேற வாட்சயே பாத்துக்கினு இருக்காரு. தோ, எங்க கோச்சு வர்றாங்க, செல்வகுமாரி மேடம். எழுந்துக்கபா.

— உக்காருங்க ஐயா, பரவாயில்ல. லில்லி, கிளவுஸ கழட்டிடு.

— புவனேஸ்வரி வந்துட்டாளா மேடம்? பரவால்ல. அவளே ஆடட்டும்.

— அது இல்லம்மா. யாரும் ஆடப் போறதில்ல, சரியா? திருச்சி டீம் வரல.

— லேட்டா வந்தாலும் பரவால்ல மேடம். காத்துக்கினு இருக்கலாம். இருட்டற வரைக்கும் ஆடலாம்.

— அவங்க பஸ்ஸே ஏறல. நேத்தே டீமைக் கலைச்சு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். இப்பதான் போன் வந்துச்சு. ரூல்படி எவ்வளவு நேரம் பாக்கணுமோ பாத்தாச்சு.

— அப்ப மேட்சு?

— நாம ஜெயிச்சுட்டோம். வராத டீமுக்கு எதிரா மூணுக்கு சைபர்னு போடுவாங்க. இந்த சீசன்ல நாம ஜெயிச்சது இது ஒண்ணுதான்.

— மேடம், சும்மா போயி கோல்ல நிக்கறேன். நீங்க உதைங்க. ரெண்டே ரெண்டு.

— பந்தையெல்லாம் வலையில கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க லில்லி. கேட்டைப் பூட்டணும்னு நிக்கறாங்க.

— அந்தத் திருச்சிப் பொண்ணுங்க இனிமே இன்னா பண்ணுங்க, மேடம்?

— தெரியல ஐயா. நான் என்ன பண்ணுவேன்னே எனக்குத் தெரியல. நல்ல பொண்ணு உங்க பொண்ணு. மழையில கூட பிராக்டீசுக்கு மொத ஆளா நிக்கும். பத்திரமா கூட்டிட்டுப் போங்க, சரியா? வரேன்.

— லில்லி. ஏ, லில்லி. அழுவாதம்மா. எல்லாரும் பாக்கறாங்க.

— யாருபா பாக்கறாங்க? இங்க யாரு கீறாங்க?

— சரி, சரி. பாயையும் பக்கெட்டையும் நீ எடு. பெட்டிய நான் தூக்கறேன். பொறுமையா நடக்கலாம், பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு.

— உன் செல்லு அடிக்குதுபா.

— ஒங்கம்மாதான்.

— நீயே பேசு. என்னால முடியாது.

— அலோ. ஆங், வேலம்மா. முடிஞ்சிச்சி, கெளம்பிட்டோம். ஜெயிச்சிட்டாங்க. மூணுக்கு சைபரு. அட, நெசமாத்தான். நம்ம லில்லிதான் இன்னிக்கி கோல்ல நின்னா, நான் இங்கியே குந்திக்கினு பாத்தேன். இல்ல வேலம்மா, ஒரு பந்து கூட உள்ள வுடல.