மூன்று ஹாரன்

திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் டக் படகை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஏளா, என்னைய எடுக்கும்போது வெடி போடக் கூடாது. பிளக்ஸ், பிளாஸ்டிக் மாலை ஒண்ணும் வேண்டாம். பழைய வேட்டியில சுத்தி, நம்ம விளைத் தோட்டத்துலயே பொதச்சிருங்க."

"சரி. மேல என்ன மரம் வைக்க?"

"வேம்பு வை. பொறவு இன்னொண்ணு. எங்கூட வேலை பார்த்தவங்ககிட்டச் சொல்லியிருக்கேன். அந்நேரம் டக்குல மூணு ஹாரன் அடிப்பானுவ."

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது மட்டும் வேண்டாம்."

"ஏம்ளா?"

"நீங்க வேலை முடிஞ்சு அடிக்கிற மூணு ஹாரன் வீடு வரைக்கும் கேக்கும். நீங்க கரைக்கு வந்துட்டியன்னு அப்பத்தான உலை வைப்பேன்? எத்தன வருசப் பழக்கம்! அன்னைக்கும் கை தானா அரிசிய அளந்துரும். பொறவு நான் வாசலப் பாத்துக்கிட்டே நிப்பேன்."

அவர் செல்போனை எடுத்து யாரையோ அழைத்தார்.

"ஏலே, நாந்தான். அந்த ஹாரன் வேண்டாம்லே. நான் சத்தமில்லாமலே போயிக்கிடுதேன்."